ஒரு சிறு கோடும் ஒரு பந்தயக் காரும்

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். சூளகிரியில் தொடங்கி நெடுஞ்சாலை நெடுக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூரில் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவேன். ஷிஃப்ட் முடிந்ததும் அதே ஆட்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஓரளவுக்கு மேல் அசையாது. சானமாவுக் காட்டுப் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கிற நாட்களில் வனத்துறைக்காரர்கள் கையைக் காட்டினால் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு அது பழகிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான் துடிப்பார்கள்.

துடிப்பவர்களில் முதல் ஆள் ஓர் இன்ஜினியர் தம்பி. தென்காசிப் பக்கத்துக்காரன். எப்போதும் எனக்குப் பின்னாலிருக்கும் முதல் சீட்டில்தான் உட்காருவான். "அண்ணே, அந்த லாரிய ஏறிருங்கண்ணே! இடம் கெடக்குல்லா!" என்று காதருகே சொல்லிக்கொண்டே வருவான். நான் முந்த மாட்டேன். அவனும் சொல்வதை நிறுத்த மாட்டான். இப்படியே எங்களுக்குள் ஒரு சிநேகம் வளர்ந்துவிட்டது.

அவனுக்குப் புனேவில் வேலை கிடைத்தது. கடைசி நாள் ஏறும்போது ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து என் பக்கத்தில் என்ஜின் மூடியின்மேல் வைத்தான். உள்ளே ஒரு ஸ்டீயரிங், மூன்று பெடல், ஒரு பென்டிரைவ்.

"இத நீங்க வச்சிக்கிடுங்கண்ணே. நான் அங்க போயி புதுசு வாங்கிக்கிடுதேன். பென்டிரைவ்ல ரேஸ் சிமுலேட்டர் இருக்கு. எல்லாருக்கும் இலவசமா குடுக்கிறதுதான். விளையாட்டுன்னு நெனச்சிராதீங்க. டயர் தேயிறது, பெட்ரோல் கொறையிறது எல்லாத்தையும் கணக்குப் பாக்கும். நெசக் கார்தான்."

"நான் இத வச்சிக்கினு என்னா தம்பி பண்றது?"

"ஒரு நாளாவது மிதிச்சுப் பாருங்கண்ணே!"

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சி.என்.சி. ஆபரேட்டர். கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைக் கடைகிற இயந்திரத்தை நாள் முழுக்க நின்று ஓட்டுகிறவள். அவள் ஷிஃப்டும் என் ஷிஃப்டும் ஒட்டாது. இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். நாங்கள் இருப்பது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா. அவர் எங்களிடம் கன்னடத்தில் பேசுவார், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். குழப்பமே வந்ததில்லை.

அந்த ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் அவளே பெட்டியைப் பிரித்தாள். மெஷின் டிராயிங் படிக்கக் கற்றுக்கொள்ள அவள் வாங்கியிருந்த பழைய கம்ப்யூட்டர் இருக்கும் மேசையின் விளிம்பில் ஸ்டீயரிங்கைத் திருகிப் பொருத்தினோம். பெடல் வழவழத் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. அரிசி மூட்டையை இழுத்துவந்து அதற்கு முட்டுக் கொடுத்தோம். பென்டிரைவில் இருந்ததை ஏற்றி, கார் படம் போட்ட சின்னத்தை இரண்டு தட்டுத் தட்டினேன்.

திரை கறுத்தது. கார்கள் சீறுகிற சத்தம் மட்டும் வந்தது. கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பெட்டி, இந்தப் படம் என் அளவுக்கு மீறியது என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்தது. நிறுத்தித் திரும்பவும் தட்டினேன். திரும்பவும் சத்தம், திரும்பவும் இருட்டு. அந்தச் சத்தம்தான் என்னை விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் திருவிழா நடக்கிறது, இந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்பதுபோல இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"உங்க மானிட்டர் பழசுண்ணே. இது எடுத்த எடுப்புலயே பெரிய படமாத் தெறக்கப் பாக்குது. நாமதான் சொல்லணும், சின்னச் சன்னலாத் தெறன்னு."

"எங்க போய்ச் சொல்றது? மெனுவே கண்ணுல தெரிலயே."

"மெனுவுக்குப் போவாண்டாம். தெறக்கும்போதே சொல்லிரலாம். அந்தக் கார் படத்து மேல ரைட் கிளிக் பண்ணுங்க. ப்ராப்பர்ட்டீஸ். அதுல டார்கெட்டுன்னு ஒரு பெட்டி இருக்கும். அதுல இருக்கிற வரிக்குக் கடைசில போயி ஒரு மைனஸ் கோடு போட்டு விண்டோன்னு அடிங்க."

பெட்டிக்குள் நீளமாக ஒரு வரி இருந்தது. சிமுலேட்டர் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி. அதன் இரு பக்கமும் மேற்கோள் குறி. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து, கோடு போட்டு, விண்டோ என்று அடித்தேன். ஓகே கொடுத்தால், இந்தப் பெயரில் ஒன்றும் இல்லை, சரிபார்க்கவும் என்று முகத்தில் அடித்தாற்போல ஒரு செய்தி. இன்னொரு முறை கவனமாக அடித்தேன். அதே செய்தி. அதற்குள் தம்பி யாரோ கூப்பிட்டார்கள் என்று போனை வைத்துவிட்டான்.

"கொஞ்சம் நகருங்க, பாக்குறேன்," என்றாள் அவள். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வரியை எழுத்து எழுத்தாகப் படித்தாள். "நீங்க இத மேற்கோளுக்கு உள்ளாற போட்டுட்டீங்க. அது முழுசையும் பேருன்னு நெனச்சிக்குது. பேரு ஒண்ணு, உத்தரவு ஒண்ணுங்க. ரெண்டையும் பிரிக்க வேணாமா?"

மேற்கோள் குறியைத் தாண்டினாள். ஒரு இடைவெளி விட்டாள். ஒரு சிறு கோடு, அதை ஒட்டி அந்தச் சொல். ஓகே. பெட்டி மறுபேச்சில்லாமல் மூடிக்கொண்டது.

"எப்பிடித் தெரியும் உனக்கு?"

"எங்க மெஷின்ல தெனமும் பண்றதுதானே. சில சமயம் முழு ப்ரோக்ராமும் ஓட்ட வேணாம், ஒரே ஒரு வரி அடிச்சு பச்சப் பட்டன அமுக்குவோம். டூல் நேரா அங்க போய் நின்னுக்கும். ஒரு எடத்துல புள்ளி மாறிச்சுன்னா நின்னுரும், இல்லைன்னா எங்கியாவது போய் இடிக்கும். தட்டுங்க, பாக்கலாம்."

தட்டினேன். திரையின் நடுவில் ஒரு சன்னல் திறந்தது. அதற்குள் வெயில், புல்வெளி, சிவப்பு வெள்ளை அடித்த ஓரக்கல், ஒரு மஞ்சள் கார். இருவரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு சன்னல் திறந்ததற்குக் கத்துவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முதல் சுற்றை நான் ஓட்டினேன். கிளம்பும் முன் கண்ணாடியைப் பார்த்தேன். இடது ஓரமாகப் போனேன். பின்னால் வந்த கம்ப்யூட்டர் கார்களுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். வளைவு தெரிந்ததுமே பிரேக்கில் கால் போய்விட்டது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எந்த ஸ்டாப்ல ஆள் ஏத்தப் போறீங்க?"

ரோஷம் வந்தது. நேர்ச்சாலை வந்ததும் மிதித்தேன். நான் ஓட்டுகிற பஸ் அடங்கிப்போகிற வேகத்தை முள் தொட்டது. என் கால் அங்கே ஏதோ தடுக்கும் என்று தானாகவே எதிர்பார்த்தது. தடுக்கவில்லை. முள் அதைத் தாண்டி ஏறியது. இன்னும் ஏறியது. ஸ்டீயரிங் கையில் அதிர்ந்தது. மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைச் சுவராகிவிட்டன. "போகுதுடி! போகுதுடி!" என்று கத்தினேன். அடுத்த வளைவில் நேராகப் புல்லில் இறங்கி டயர் அடுக்கில் மோதி நின்றேன். காரின் மூக்கு நசுங்கியிருந்தது. சிரித்த என் வாய் மட்டும் மூடவே இல்லை.

அடுத்து அவள் உட்கார்ந்தாள். அவள் ஸ்கூட்டி மட்டுமே ஓட்டத் தெரிந்தவள். காரைப் பற்றி எந்தப் பயமும் இல்லாததால் எடுத்ததுமே அடிவரைக்கும் மிதித்தாள். மூன்று வளைவில் மூன்று முறை தலைகீழானாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க மெனு, அறிமுகப் படம், கார் தேர்வு, சாலைத் தேர்வு என்று காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இதயும் அந்த வரிலயே சொல்ல முடியாதா? படம் வேணாம், மெனு வேணாம், நேரா ரோட்டுல நிறுத்துன்னு?"

தம்பிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். முடியும் அக்கா என்று பதில் வந்தது. அதற்கான சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தான். கோடு, சொல், இடைவெளி, அடுத்த கோடு, அடுத்த சொல். அவள் அதை அடுத்தடுத்த ஞாயிறுகளில் கட்டி எழுப்பினாள். ஒரு உத்தரவு எங்கள் சதுர மானிட்டருக்குச் சரியாகப் பொருந்தும்படி அகலமும் உயரமும் சொன்னது. இன்னொன்று அறிமுகப் படத்தைத் தூக்கி எறிந்தது. பிறகு மஞ்சள் காரும் மலைச்சாலையும் ஒன்று, மழையில் நனைந்த சாலை ஒன்று என்று கார் படத்துக்கு நகல் எடுத்து, ஒவ்வொன்றின் வாலிலும் வேறு வேறு உத்தரவு எழுதினாள். தட்டினால் அடுத்த மூச்சுக்குள் என்ஜின் உறுமிக்கொண்டு கார் ரோட்டில் நிற்கும்.

நானும் கற்றுக்கொண்டேன். பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், திருப்பும்போது மிதிக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாயாமல் திருப்புவதும் இதேதான். அந்த மஞ்சள் காருக்குள்ளும் ஆட்கள் கம்பியைப் பிடித்து நிற்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டினேன். டயர் கத்துவது நின்றது. நேரம் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு வாரம் தம்பியே கூப்பிட்டான். "அண்ணே, வர்ற ஞாயிறு மத்தியானம் நீங்களும் நானும் ரேஸ். நான் இங்க நடத்துதேன். நீங்க அந்த வரிக்குக் கடைசில கனெக்ட்டுன்னு போட்டு என் அட்ரஸ அடிச்சா நேரா என் பக்கத்துல வந்து நிப்பீங்க."

ஞாயிறு மதியம் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டோம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவன் தன் கம்ப்யூட்டரின் முகவரியை எண் எண்ணாக வாசித்தான், அவள் அடித்தாள். தட்டினோம். சுற்றிக்கொண்டே இருந்து, யாரும் பதில் சொல்லவில்லை என்று மூடிக்கொண்டது. இன்னொரு தடவை. அதே கதைதான்.

"தம்பி, கடைசி நம்பர் என்னா சொன்னீங்க?" என்றாள் அவள்.

"ஃபிஃப்டீன்க்கா."

"நான் ஃபிஃப்டின்னு போட்டேன்!"

"அட! நீங்க யாரு வீட்டுக் கதவத் தட்டுனீங்களோ!"

திருத்தினாள். தட்டினாள். திரை விரிந்தது. எங்கள் மஞ்சள் காருக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கார் நின்றது. அதன் சக்கரம் இடமும் வலமும் ஆடியது.

"தெரியுதாண்ணே? நான்தான்! ஸ்டீயரிங்க ஆட்டுதேன் பாருங்க!"

எங்கோ புனேவில் ஒரு அறையில் அவன் கையை அசைக்கிறான், ஓசூரில் எங்கள் மேசைமேல் சக்கரம் திரும்புகிறது. நானும் ஆட்டினேன். "தெரியுது! தெரியுது!" என்று அவன் கத்தினான்.

சிவப்பு விளக்கு அணைந்தது. ஐந்து சுற்றுப் பந்தயம். அவன் அம்பு மாதிரி கிளம்பிப் போய்விட்டான். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தாள். "போலாம் ரைட்! ரைட், ரைட்! இடதுல ஒடிங்க! இப்ப ரைட்டு!"

இரண்டாவது சுற்றில் நீலக் கார் கண்ணுக்கே தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவன் ஒவ்வொரு வளைவிலும் வால் ஆட்டிக்கொண்டு, புகை கிளப்பிக்கொண்டு போனான். அவன் டயர் தேய்ந்துகொண்டிருந்தது. என் காரில் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் யாரும் சாயவில்லை. நான்காவது சுற்றில் அவன் காரின் பின்பக்கம் என் முன்கண்ணாடி முழுக்க நிறைந்தது.

"வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று அவள் போனைப் பார்த்துக் கத்தினாள்.

என் கை ஹாரனைத் தேடியது. அந்த ஸ்டீயரிங்கில் ஹாரன் இல்லை. "ஹாரன்! ஹாரன்!" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை, வாயாலேயே எங்கள் பஸ் ஹாரனை அடித்தாள். புனேவில் அவன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. சிரித்துக்கொண்டே கடைசிச் சுற்றில் மலை இறக்கத்து வளைவில் காரின் பிடியை விட்டான். நீலக் கார் சுழன்று, ஜல்லியில் இறங்கி, குறுக்காக நின்றது. வழி முழுக்க எனக்குத்தான்.

நான் நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ரோட்டில் ஒரு வண்டி விழுந்தால் என் கால் பிரேக்குக்குத்தான் போகும். ஓரம் கட்டி நின்றேன்.

"என்னாங்க நிறுத்துனீங்க!" என்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போங்க! போங்க!"

"அண்ணே, ஏன் நிக்கிறீங்க?"

"விழுந்துட்டியே தம்பி!"

அதற்குள் அவன் ஜல்லியிலிருந்து காரைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டில் ஏறிவிட்டான். நானும் மிதித்தேன். இருவரும் ஒட்டினாற்போல நேர்ச்சாலையில் பாய்ந்தோம். ஒரு கணம் என் மூக்கு முன்னால், ஒரு கணம் அவன் மூக்கு. அவள் கத்தினாள், நான் கத்தினேன், போனில் அவன் கத்தினான். கோட்டைத் தாண்டினோம். திரையில் அவன் பெயர் மேலே, என் பெயர் கீழே. இடையில் ஒரு கண்ணிமைப்பு. தோற்றவன் மாதிரியா நான் இருந்தேன்? எழுந்து நின்று அவளைக் கட்டிப்பிடித்து அறையையே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் வீட்டுக்கார அம்மா, கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஏனாய்த்து? யாரிகே ஏனாய்த்து?" யாருக்கு என்ன ஆகிவிட்டதோ என்று பதறிப்போய் வந்திருக்கிறார்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா. ரேஸு," என்றேன். எனக்கும் மூச்சு வாங்கியது.

அவர் என்னைப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பார்த்தார், அரிசி மூட்டையைப் பார்த்தார். கொண்டுவந்த தண்ணீரை என்னிடமே கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப நான்," என்றாள் என் மனைவி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தம்பி, நீங்க விழுந்தா நான் நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நிக்காண்டாம்க்கா. வாங்க, பாத்திருவோம்."

அவள் நிற்கவில்லை. அவன் இரண்டு முறை புல்லில் இறங்கியபோதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் ஒரு முறை சுவரில் உரசினாள், காரின் ஒரு பக்கக் கதவு தொங்கிக்கொண்டே வந்தது, ஆனாலும் மிதிப்பதை விடவில்லை. இப்போது கண்டக்டர் வேலை எனக்கு. குரல் போகிற அளவுக்கு ரைட் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எது எங்கள் கார் என்று முதலில் புரியவில்லை. கடைசிச் சுற்றில் மஞ்சள் கார்தான் என்று புரிந்ததும் கட்டிலிலிருந்து எழுந்து நின்று தொடையில் தட்டினார். அவள் நீலக் காரை நன்றாகப் பின்னால் விட்டு ஜெயித்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் திரும்ப," என்றான் தம்பி போனில்.

"வாங்க தம்பி. அட்ரஸ மட்டும் எழுதி அனுப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். நாற்காலி காலியானது. வீட்டுக்கார அம்மா மெதுவாக அதன் அருகில் வந்து ஸ்டீயரிங்கின்மேல் ஒரு விரலை வைத்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்த்து, வெட்கமும் ஆசையுமாக, "நானு... ஒந்து சல?" என்றார். ஒரே ஒரு தடவை.

"ஒரு தடவ இன்னாத்துக்கும்மா, எத்தினி தடவ வேணும்னாலும் ஓட்டுங்க," என்றாள் அவள். குனிந்து டார்கெட் பெட்டியைத் திறந்து புதிதாக ஒரு வரி எழுதினாள். மழை வேண்டாம், வேறு கார் ஒன்றும் வேண்டாம், ஆள் இல்லாத ரோடு, நல்ல பகல் வெளிச்சம். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெடலின்மேல் காலை வைத்தார். அவள் தட்டினாள். என்ஜின் உறுமியது. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிதிங்கம்மா!" என்றோம் இருவரும்.

மிதித்தார்.